தங்கையின் தக்கைகள்

பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது, விருப்பம் உள்ளவர்கள் கூடவே வரலாம் என்றார்கள். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் எங்கள் வகுப்பில் இருந்த ஒரே பெண் நான். லேத்தில் இரும்பு கடைந்து, பிறகு கடைந்ததை அளந்து பார்க்கும் மேஜைக்கு மாறி, அந்த மேஜையிலேயே தலை நரைத்துப்போனவள். கேஜிஎஃப்பில் தங்கச் சுரங்கம் மூடியதும் அப்பா எங்களைப் பெங்களூருக்குக் கூட்டிவந்து ஈஜிபுராவில் குடிவைத்தார். தங்கை காலேஜுக்குப் போனாள், நான் லேத்துக்குப் போனேன். அதில் எனக்கு அப்போது வருத்தம் எதுவும் இல்லை. மெஷின் எனக்குப் பிடித்திருந்தது.

வேலை போன பிறகு பகல் முழுவதும் வீட்டில் இருப்பது எப்படி என்று தெரியாமல் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தங்கை ஒருநாள் வந்தாள். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம், வாசலில் செக்யூரிட்டி நிற்கிற அபார்ட்மெண்டில் அவள் வீடு. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பெரிய வேலையில் இருந்து, அலுத்துப்போய்த் தானாக விட்டிருந்தாள். கைப்பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மரத்தில் கடைந்த பாட்டில் தக்கை. மேலே வழவழவென்று குமிழ், கீழே ரப்பர் வளையம் போட்ட ஸ்டீல் தண்டு. யாரோ சிநேகிதி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாம்.

"அக்கா, இது உன்னால பண்ண முடியுமா?"

"கட்டைலயா? கட்டை இரும்பு மாதிரி சொன்ன பேச்சு கேக்காதுடி."

"நீ கேக்க வெப்ப" என்றாள்.

அவள் என்னைப் பற்றிச் சொன்னவற்றிலேயே நல்ல வார்த்தை அதுதான். யோசனை அவளுடையது என்பதை நான் எங்கேயும் மறுத்ததில்லை, இப்போதும் மறுக்கவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரியவர் மகனோடு வெளிநாட்டில் போய் இருக்கப்போவதால், பொழுதுபோக்குக்கு வைத்திருந்த சின்ன மர லேத்தை விற்றார். அதை வாங்கி எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில், தகரம் போட்ட அறையில் வைத்தேன். பகலில் மட்டும் ஓட்டுவதாக வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன்.

கட்டைக்குப் பஞ்சமில்லை. கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்தால் போதும், இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிளை முறிந்து கிடக்கும். கார்ப்பரேஷன் ஆட்கள் அறுத்துக் குவித்துவிட்டு லாரிக்குக் காத்திருப்பார்கள். லாரி வருவதற்குள் நான் ஸ்கூட்டரில் கைரம்பமும் கோணிப்பையுமாகப் போய் நிற்பேன். "ஒலெகா அக்கா?" என்று கேட்பார்கள், அடுப்புக்கா என்று. ஆமாம் என்றே சொல்லிவிடுவேன். பாட்டிலுக்குத் தக்கை செய்ய என்று விளக்குவதைவிட அது சுலபம்.

தூங்குமூஞ்சி மரத்தின் நடுவில் காப்பிப்பொடி நிறம் இருக்கும், ஓரத்தில் வெண்ணெய் நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் குமிழ் வருகிற மாதிரி அறுத்தால் அழகு. நாவல் கட்டை உளியின் முனையை மழுக்கிவிடும். குல்மோஹர் பூவுக்குத்தான், கடைவதற்கு ஆகாது. ஈரக் கட்டையை அப்படியே கடைந்தால் காயும்போது வெடித்துவிடும். அதனால் அறுத்த முனைகளில் மெழுகு தோய்த்து மாதக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தேன்.

"சுடுகாட்டுல அடுக்கற மாதிரி அடுக்கி வெச்சிருக்கா. அது மேல நான் படுக்கணும்" என்று அம்மா திட்டினாள்.

ஆரம்பத்தில் நிறையக் கட்டை வீணானது. உளி எங்கேயாவது மாட்டிக்கொள்ளும், துண்டு பிய்ந்து, நான் போட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியில் வந்து அடிக்கும். இரும்பில் பழகிய கை அழுத்தமாகத்தான் போகும். மரத்துக்கு அது கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறியது. துண்டின் அடியில் துளை போட்டு, லேத்தில் திருகி மாட்டி, சுற்றவிட்டு உளியைச் சாய்த்து வைத்தால் சீவல் நாடா மாதிரி சுருண்டு விழ ஆரம்பித்தது. உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துவிட்டு, துணியில் தேன்மெழுகைத் தடவி, சுற்றும்போதே அழுத்திப் பிடித்தால் சூட்டில் மெழுகு உருகி மரத்துக்குள் இறங்கும். அந்த ஒரு நொடியில் மரத்தின் நிறம் மேலே எழும்பி வரும். கம்பெனியில் அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் செய்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றதில்லை. மாடியில் அப்படி நின்றிருக்கிறேன்.

முதலில் ஒழுங்காக வந்த குமிழில், கடையில் வாங்கிய ஸ்டீல் தண்டைத் திருகிக் கொடுத்தேன். அதை அம்மா நல்லெண்ணெய் பாட்டிலில் செருகி, பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். "சிந்தல" என்றாள்.

அதற்குப் பிறகு தங்கை வேகமெடுத்தாள். ஒரு பெயர் வைத்தாள், அட்டைப்பெட்டி செய்தாள், சணல் கயிறு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அபார்ட்மெண்டுகளில் நடக்கும் சந்தைகளில் மேஜை போட்டாள். நன்றாகவே விற்றாள். ஒருவர் கையில் எடுத்தால் போதும், அவர் வாங்காமல் நகரமாட்டார். அந்தத் திறமை எனக்கு இல்லை. நான் மேஜைக்குப் பின்னால் நின்றால் வருகிறவர்கள் என்னிடம் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்பார்கள். எனக்குச் சேரவேண்டிய பணத்திலும் அவள் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பணத்தகராறு என்றுதான் உறவுக்காரர்கள் நினைக்கிறார்கள்.

ஒரு சந்தைக்கு நானும் போயிருந்தேன். கீழே குனிந்து பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு பெண்குரல் தங்கையைக் கேட்டது: "இதெல்லாம் நீங்களே பண்றீங்களா?"

"எல்லாமே ஹேண்ட்மேட்" என்றாள் தங்கை.

அது பொய்யில்லை, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. நான் நிமிராமல் பெட்டியைப் பிரித்தேன். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். இந்தத் தடவை அவள், "ஆமாம், ஒவ்வொண்ணும் நானே கடையறேன்" என்றாள். கூட்ட நேரத்தில் வாய் தவறி வந்திருக்கும் என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறகு வீடியோ எடுக்க வந்தாள். கூட ஒரு பெண் கேமராவோடு வந்தாள். மாடி அறையைப் பெருக்கி, ஜன்னல் பக்கம் லேத்தைத் திருப்பி வைத்தார்கள்.

"அக்கா, நான் சும்மா உளிய புடிச்சிட்டு நிக்கறேன். ஒரு ஷாட்டுக்கு. உனக்குக் கேமரான்னா புடிக்காதில்ல?"

பிடிக்காதுதான். என் ஏப்ரனை அவிழ்த்து அவளுக்குக் கட்டிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுவிட்டேன். உளியை அவள் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தாள். பின்னால் நின்று அவள் கைகளின் மேல் என் கைகளை வைத்து, விரலை எங்கே ஊன்ற வேண்டும் என்று சரிசெய்து கொடுத்தேன். படம் எடுக்கிற பெண், "கொஞ்சம் தள்ளிக்கோங்க ஆன்ட்டி, உங்க கை வருது" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

வீடியோவை எனக்குக் காட்டியது தங்கை இல்லை, அம்மா. மதியச் சோறு ஆறிக்கொண்டிருக்க, போனை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடி. உன் தங்கச்சி இன்னா அழகா செய்யறா பாரு."

தங்கை பேசிக்கொண்டிருந்தாள். மழை நின்றதும் தெருவில் இறங்கி விழுந்த கிளைகளைத் தேடிப் போவாளாம். அலுவலக வாழ்க்கை அவளுக்கு மூச்சுமுட்டியதாம். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரத்திடம் வந்தாளாம். மரம் அவளிடம் பேசுமாம். நடுநடுவே லேத் சுற்றியது; அதில் தெரிந்த கைகள் என்னுடையவை. வேறொரு நாள், "நெட்ல போடறதுக்கு இல்லக்கா, சும்மா" என்று சொல்லி அவள் போனில் எடுத்தது. முகம் அவளுடையது, கை என்னுடையது. வெட்டி ஒட்டியிருந்தது கண்ணுக்கே தெரியவில்லை.

"அம்மா, அதைச் செய்யறது நான்" என்றேன்.

"தெரியாதா எனக்கு? தலைமேலதான தினம் ஓடுது" என்றாள் அம்மா, போனிலிருந்து கண் எடுக்காமல். "அவ பேசத் தெரிஞ்சவ, நீ செய்யத் தெரிஞ்சவ. ரெண்டும் ஒரே வூட்டுக்குத்தான?"

அடுத்த தடவை தங்கை வந்தபோது மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"என் பேரு வேணாம். 'எங்க அக்கா செய்யறா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

அவள் கோபப்படவில்லை. ஏதோ புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல உட்காரவைத்துச் சொன்னாள்.

"அக்கா, ஜனங்க கட்டைய வாங்கல. கதைய வாங்கறாங்க. பெரிய வேலைய விட்டுட்டு ஒருத்தி இதுக்கு வந்தான்னா அது கதை. வேலை போயி ஒருத்தி இதுக்கு வந்தான்னா, அது இன்னா கதை சொல்லு? பாவம்னு ஒண்ணு வாங்குவாங்க. மறுபடி வரமாட்டாங்க."

"அப்போ நான் பாவமா?"

"உன்ன சொல்லலக்கா. மார்க்கெட்ட சொல்றேன்."

அவள் போன பிறகு லேத்தைப் போட்டுக் கடைய உட்கார்ந்தேன். உளி இரண்டு தடவை மாட்டியதும் நிறுத்திவிட்டேன். ஆனால் மறுநாள் மறுபடி கடைந்தேன். ஏன் என்று கேட்டால், கடைவது எனக்கு வேண்டியிருந்தது. அதை மட்டும் அவள் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு பெரிய அபார்ட்மெண்டின் கிளப் ஹவுஸில் விழா. அங்கே எல்லோர் முன்னாலும் கடைந்து காட்ட வேண்டும் என்று தங்கையைக் கேட்டிருந்தார்கள். அவள் ஒப்புக்கொண்டுவிட்டு என்னிடம் வந்தாள். மாடியில் முயன்று பார்த்தாள். முதல் துண்டு தெறித்ததுமே பயந்து கையை எடுத்துவிட்டாள். "நீ வந்து கடைஞ்சிடுக்கா. நான் பேசறேன்" என்றாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. எப்படியும் இனி மறைக்க முடியாதே. சபைக்கு முன்னால் நான்தானே நிற்கப்போகிறேன். கஞ்சி போட்ட காட்டன் புடவையை எடுத்து இஸ்திரி போட்டுவைத்தேன். பிறகு, புடவைத் தலைப்பு லேத்தில் மாட்டும் என்று சுடிதாருக்கு மாறினேன்.

கிளப் ஹவுஸ் நிறைய விளக்கும் கேக் வாசனையும். லேத்தைத் தூக்கிவந்து மேஜையில் இறுக்கி வைத்தோம். தங்கை மைக்கை வாங்கிக்கொண்டு மழை, கிளை, மரம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நன்றாகச் சொன்னாள், நானே கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "இவங்க எங்க ஆர்ட்டிசன். இப்ப உங்களுக்கு செஞ்சி காட்டுவாங்க" என்றாள். அக்கா என்ற வார்த்தையை எங்கேயோ விழுங்கிவிட்டாள்.

நான் லேத்தைப் போட்டேன். மஹோகனித் துண்டு. கை தானாக வேலை செய்தது. சீவல் சுருண்டு விழுந்தபோது முன்வரிசையில் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். மெழுகு வைத்ததும் நிறம் எழும்பி வந்தது, கை தட்டினார்கள். நிறுத்திவிட்டு வேர்வையைத் துடைத்தேன். ஒரு வயதான கன்னட அம்மா அருகில் வந்து, சூடாக இருந்த தக்கையைத் தொட்டுப் பார்த்து, அன்பாகத்தான் கேட்டார்:

"எஷ்டு வர்ஷதிந்த இவர ஹத்ர கெலஸ மாட்தித்தீரம்மா?"

எத்தனை வருஷமாக இவரிடம் வேலை செய்கிறீர்கள் அம்மா என்று. தங்கை கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பெட்டிக்குச் சணல் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளு ஹுட்டிதாகினிந்த" என்றேன். அவள் பிறந்ததிலிருந்து.

இப்போதாவது புரியும், இப்போதாவது சிரித்துக்கொண்டே "எங்க அக்கா" என்பாள் என்று நினைத்தேன். அந்த அம்மாவின் முகம் கனிந்துவிட்டது. "ஓ, மனெயல்லே பெளெதவரா" என்றார். அந்த வீட்டிலேயே வளர்ந்தவரா என்று. பிறகு தங்கையிடம் திரும்பி, இந்தக் காலத்தில் இப்படி விசுவாசமான ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம் என்றார்.

தங்கை, "ஹௌது ஆன்ட்டி" என்றாள். ஆமாம் ஆன்ட்டி.

நான் மீதித் துண்டுகளையும் கடைந்து முடித்தேன். பாதியில் எழுந்து போகிற துணிச்சல் எனக்கு வரவில்லை. ஷிஃப்ட் முடியாமல் மெஷினை விட்டு நகர்ந்து பழக்கமில்லை.

திரும்பும்போது காரில் அவள்தான் முதலில் பேசினாள். "இன்னாக்கா, அப்படிச் சொல்லிட்ட? நான் ஜோக்குன்னு நெனச்சேன்."

"நீ ஆமாம்னியே."

"அந்த இடத்துல வேற இன்னா சொல்றது? எல்லாம் சொல்லிட்டு இருந்தா அவங்களுக்குக் குழப்பமாகிடும்."

ஈஜிபுரா சிக்னலில் இறங்கிக்கொண்டேன். வீடு இன்னும் தள்ளி இருந்தது. லேத் அவள் கார் டிக்கியில் இருந்தது. மறுநாள் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாள். நான் அதை மாடியில் வைத்துச் சாக்குப்போட்டு மூடினேன். இனி அவளுக்காகக் கடைவதில்லை என்று போனில் சொன்னேன். அவள் அழுதாள். புத்தாண்டுக்கு வாங்கியிருக்கிற ஆர்டரை என்ன செய்வது என்று கேட்டாள். அம்மா சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "கூடப்பொறந்தவ முன்னுக்கு வர்றத பாத்தா வயிறு எரியுதா உனக்கு?" என்றாள். இருக்கலாம். எரிந்தது வயிறா வேறெதுவா என்று அம்மாவிடம் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் நிறுத்தினால் அவள் கடை நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. எங்கேயோ வெளியூரில் மெஷினில் மொத்தமாக அடித்துத் தள்ளுகிற தக்கைகளை வரவழைத்தாள். ஒரே அளவு, ஒரே வடிவம், மேலே வார்னிஷ். அதே பெட்டி, அதே சணல் கயிறு. மழையும் கிளையும் சொல்லி அதே போல விற்றாள். ஒருவர்கூட வித்தியாசம் கேட்கவில்லை. அவள் என்னைச் சொல்லாமல் விட்டதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. கேட்டிருந்தால், ஒரே ஒருவர் கையில் வைத்துப் பார்த்து "முன்ன மாதிரி இல்லையே" என்றிருந்தால், நான் செய்ததில் ஏதோ இருந்தது என்று மனது ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் எங்கள் சர்ச்சில் விற்பனை நாள் வந்தது. வீட்டில் மிச்சமிருந்த தக்கைகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுகிற குடும்பங்கள் அங்கே நிறைய, இரண்டொன்று போனது. நன்றாக உடுத்திய ஒரு பெண் நின்று, தூங்குமூஞ்சிக் கட்டையில் செய்த ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மாதிரி நான் வீடியோல பாத்திருக்கேன். ஒரு மேடம் பண்றாங்களே, வேலைய விட்டுட்டு வந்தவங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. நானே செய்யறது."

"அப்படியே அவங்க டிசைன்" என்றாள். குரலில் குற்றம் சாட்டுவதுகூட இல்லை, ஏழை ஏதோ பிழைத்துப்போகட்டும் என்கிற பெருந்தன்மை. வாங்கிக்கொண்டும் போனாள். பாவம் என்று ஒன்று வாங்குவார்கள் என்று தங்கை அன்று மாடியில் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

இப்போது பொம்மசந்திராவிலேயே வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் அளந்து பார்க்கிற வேலைக்குப் போகிறேன். காலையில் பஸ் பிடித்து, ஹோசூர் ரோட்டு நெரிசலில் நின்றபடி போய், இரும்பு வளையங்களை அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்த்துச் சரி, தவறு என்று பிரித்து வைக்கிறேன். மாடியில் லேத் துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது எண்ணெய் மட்டும் போடுகிறேன். ஓட்டுவதில்லை.

தங்கை மாதம் ஒரு ஞாயிறு பிரியாணி வாங்கிக்கொண்டு வருவாள். மூவரும் சாப்பிடுவோம். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, கால்வலி, கண் ஆபரேஷன் இவற்றைத்தான் பேசுவோம். போன தடவை வந்தபோது சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "அக்கா, பொங்கலுக்கு ஒரு பெரிய இடத்துல டெமோ கேக்கறாங்க. நீ வர்றியா? இந்தத் தடவை அக்கான்னு சொல்லிடறேன்" என்றாள்.

சொல்லிடறேன் என்றாள், ஏதோ எனக்குச் சலுகை தருவதுபோல.

"வேணாம்டி" என்றேன்.

"யோசிச்சி சொல்லு."

"யோசிச்சாச்சு."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு போனை எடுத்து வேறு யாரிடமோ பேசியபடி வாசலுக்குப் போனாள். அம்மா என்னை முறைத்துவிட்டு, அவளுக்குக் கொடுத்து அனுப்ப ஊறுகாயை டப்பாவில் போட ஆரம்பித்தாள். நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தேன்.